இரணவைத்தியம்: தமிழில் அச்சேறிய அறுவை நூலும் அதன் மறைவும்



இன்றைய சொற்பொழிவின் பொருள் ஒரே ஒரு நூல். அதன் பெயர் 'இரணவைத்தியம்'. இரணம் என்றால் காயம், புண். ஆயினும் வெட்டுக்காயத்துக்கு மருந்து கட்டுவதோடு நின்றுவிடும் கைப்பிரதி அன்று இது. எலும்பு முறிவு, மூட்டு விலகல், குடலிறக்கம், கட்டிகள், கண்ணோய்கள், கைகால் துண்டிப்பு என அறுவை மருத்துவத்தின் முழுப் பரப்பையும் 500 பக்கங்களை ஒட்டிய அளவில் தமிழில் எழுதிக்காட்டிய பாடநூல். அது அச்சேறிய ஆண்டு 1867. அது உருவான இடம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். பசுவந்தனையிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் வந்து இந்த மன்றத்தில் இருப்போருள் எத்தனை பேர் அந்நூலைக் கண்ணால் கண்டிருப்பர்? எத்தனை பேர் அதன் பெயரையேனும் கேட்டிருப்பர்? பக்கத்து எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்தது 1882-இல்; அவர் பிறப்பதற்கு முன்பே அறுவை மருத்துவமும் உடற்கூற்றியலும் வேதியியலும் தமிழில் நூலாகி, அவற்றைப் படித்துத் தேறியவர்கள் ஊர்களில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தனர் என்று சொன்னால் நம்புவதற்குச் சற்றுத் தயக்கம் ஏற்படுவது இயல்பே. அந்தத் தயக்கம் எப்படி வந்தது, அந்த நூல் ஏன் அரிதாயிற்று என்பவைதாம் இந்த உரை கேட்கும் கேள்விகள்.

முதலில் மூலநூலைப் பற்றிச் சில சொற்கள். இலண்டனில் ராபர்ட் ட்ரூயிட் என்ற மருத்துவர், அறுவை மருத்துவர் எப்போதும் உடன் வைத்துக்கொள்ள வேண்டிய கையேடாக ஒரு நூலை எழுதி 1839-இல் வெளியிட்டார். அந்நூல் பதிப்புக்குப் பதிப்பு விரிந்து, அமெரிக்காவிலும் மறுபதிப்புகள் கண்டு, ஆங்கிலம் பயின்ற மருத்துவ மாணவர் பலரின் கையில் அடுத்த நாற்பது ஆண்டுகள் இருந்தது. காயத்தால் உடல் முழுவதும் படும் பாடு என்ன, அழற்சி என்பது என்ன, தசை அழுகுவது எவ்வாறு என்ற அடிப்படைகளில் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பாக நோயையும் காயத்தையும் விளக்கி, இறுதியில் அறுவை செய்யும் முறைகளுக்கு வருவது அதன் போக்கு. இந்த நூலைத் தமிழாக்கும் பணியை முன்னின்று நடத்தியவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

யார் இந்தக் கிறீன்? அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்து ஊஸ்டர் நகரில் 1822-இல் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றவர். அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் தொடங்கியவர். அவருடைய தமையன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க்கின் பெரும் பூங்காவான சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களுள் ஒருவர். நியூயார்க்கையும் அதன் சுற்றுநகரங்களையும் ஒரே மாநகராக்க உழைத்தவர். தமையனுக்கு அங்கே பெரும் புகழ் உண்டு. தம்பியோ அந்நகரத்தை விட்டுப் பனையும் கள்ளியும் செறிந்த ஒரு தீபகற்பத்தில், கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்த மக்களிடையே, இடையில் சில ஆண்டுகள் தாய்நாடு சென்று திரும்பிய காலம் நீங்கலாக, 1873 வரை வாழ்ந்தார். 1884-இல் ஊஸ்டரில் மறைந்த அவருடைய கல்லறையில், தமிழரிடையே பணிசெய்த மருத்துவ ஊழியர் என்ற செய்தியே பொறிக்கப்பட்டுள்ளது.

யாழ்ப்பாணத்து மிஷன் மருத்துவர் வரிசையில் கிறீன் முதல்வர் அல்லர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816-இல் கால்கொண்டது. 1820 முதல் அங்கே மருத்துவம் செய்த ஜான் ஸ்கட்டர் பின்னர்ச் சென்னைக்கு வந்தார். அந்த ஸ்கட்டரின் பெயர்த்தியே வேலூரில் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவமனை தொடங்கிய ஐடா ஸ்கட்டர் என்பதைச் சொன்னால், வேலூர் சென்று வைத்தியம் பார்த்துத் திரும்பிய கரிசல் குடும்பங்களுக்கு இந்த வரலாறு அவ்வளவு தொலைவில் இல்லை என்பது புரியும்.

மானிப்பாய்ப் பள்ளி தொடங்கியபோது பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியும் 1835-இல் தொடங்கியது முதல் ஆங்கிலத்திலேயே கற்பித்தது. கொழும்பு மருத்துவப் பள்ளியோ 1870-இல்தான் தோன்றியது. ஊரெங்கும் வழக்கு இவ்வாறிருக்க, கிறீனுக்கு மட்டும் ஏன் தமிழ் நினைவுக்கு வந்தது? அவர் கண்ட காட்சியே அதற்குக் காரணம். ஆங்கிலத்தில் படித்துத் தேறிய மாணவர்கள் அரசு வேலையை நாடி வேறு ஊர்களுக்குப் போயினர். கிராமத்து மக்கள் பழையபடியே இருந்தனர். ஊருக்காக உருவாக்கப்பட்ட வைத்தியன் ஊரில் தங்கவில்லை. இந்தத் துயரம் இன்றைய கரிசல் காட்டு ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்குப் புதிது அன்று என்பதால், அதை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆகவே 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்துவது என்று கிறீன் துணிந்தார். ஆங்கிலம் இல்லாவிட்டால் அரசு உத்தியோகம் கிடைக்காதே என்ற அச்சம் மாணவரிடையே இருந்தது. அந்த அச்சம் பொய்யும் அன்று. எனினும் அவர் பின்வாங்கவில்லை. தம்மிடம் படிப்பவன் கால்சட்டை அணிந்து ஐரோப்பியனாக மாறுவதை அவர் விரும்பவில்லை. வேட்டி கட்டிய தமிழனாகவே இருந்து தன் மக்களுக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று மிஷனின் தலைமைக்கே எழுதினார். அவர் சமயப் பணிக்காக வந்தவர், மருத்துவமனைத் திண்ணையில் மருந்துக்கு முன் வேதப் பிரசங்கம் நடந்தது, நோயாளி அதைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நோக்கத்தில் மதம் இருந்தது. அதே நோக்கம்தான் அவரை மக்கள் மொழிக்கு இழுத்தும் வந்தது. இரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்வதுதான் வரலாற்றுக்கு நேர்மை.

சரி, தமிழில் கற்பிப்பது என்று முடிவாயிற்று. நூல் எங்கே? கற்பிக்க நூல் வேண்டுமே! அங்கிருந்துதான் அந்த மாபெரும் உழைப்பு தொடங்குகிறது. 1850-களிலேயே கட்டர் என்பாரின் உடல்நூலும், மான்செல் என்பாரின் பேறுகால மருத்துவ நூலும் தமிழாகியிருந்தன. அவற்றைத் தொடர்ந்து 1867-இல் இரணவைத்தியம். 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்'. அங்கம் முதல் பாதம் வரை விளக்குவது, அதாவது உடற்கூற்றியல். இதன் மூலம் வேறெதுவும் அன்று, இன்றும் மருத்துவ மாணவர் சுமந்து திரியும் கிரே என்பாரின் உடற்கூற்று நூலே. இலண்டனில் 1858-இல் முதன்முதலாக வெளிவந்த அந்நூல், பதினான்கே ஆண்டுகளில் தமிழில் வந்துவிட்டது! அதே 1872-இல் பொது மருத்துவத்துக்கு 'வைத்தியாகரம்'. 1875-இல் வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்'. 1883-இல், உடல் இயங்கும் முறையை விளக்கும் 'மனுஷ சுகரணம்'. இவையெல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேல் வரும். கெமிஸ்தம் அச்சானது நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சகத்தில் என்பதால், இந்தப் பணியில் தென்தமிழ்நாட்டு அச்சுக்கோப்பவர்களின் விரல்களும் பட்டிருக்கின்றன என்று இப்பகுதி மக்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஒருவர் இத்தனையையும் எழுத முடியுமா? முடியாது. எழுதவும் இல்லை. டான்போர்த், சாப்மன், பால், சுவாமிநாதன் போன்ற அவருடைய மாணவர்கள் இந்த வரிசை நூல்களில் உழைத்தனர். இவர்களுட் பலருடைய ஆங்கிலப் பெயரைக் கேட்டு வெள்ளையர் என்று எண்ணிவிடுதல் ஆகாது. மிஷன் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம். அட்டையில் கிறீனின் பெயர் பெரிதாக நிற்க, முதற்படியை எழுதிய கைகள் தமிழ்க் கைகளாயிருந்தன. மாணவர் எழுதுவார், கிறீன் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார், மீண்டும் எழுதுவார்கள். ஒரு பொருளுக்குச் சொல் வேண்டுமென்றால் முதலில் தமிழ் வைத்திய நூல்களிலும் வழக்கிலும் தேடுவது, அங்கே கிடைக்காவிடில் வடமொழியில் தேடுவது, அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது என்று அவர்கள் வரிசை வகுத்திருந்தனர். வடமொழிக் கலப்பு மிகுதி என்று இன்றைய வாசகர் குறை கூறலாம், அக்குறை நியாயமானதே. ஆனால் சொல் அமையும் வரை பாடத்தை நிறுத்திவைத்திருந்தால் நோயாளி காத்திருப்பானா?

இப்போது அந்நூலின் பொருளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வாழ்வையும் இந்த வறண்ட மண்ணின் வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அதன் பக்கங்கள் யாருக்காக எழுதப்பட்டவை என்பது விளங்கும். அங்கே பனையேறி தவறி விழுந்தால் தொடை எலும்பு முறியும். இங்கே, தூத்துக்குடிச் சீமையிலும் பனையேறிக்கு அதே கதிதான். முறிந்த எலும்பின் இரு முனைகளையும் நேர்கோட்டில் இழுத்து நிறுத்தி, பலகை வைத்துக் கட்டி, அசையாமல் காப்பது எப்படி என்பது அறுவை நூலின் முதன்மையான பாடங்களுள் ஒன்று. பருத்திக் காட்டில் களைவெட்டும்போது காலில் பட்ட சிறு காயம், ஈரக் கரிசலும் சாணமும் ஒட்டி, பத்து நாளில் தாடை இறுகி முதுகு வில்லாய் வளையும் வாதமாக மாறி உயிரைக் குடித்த கதைகள் எந்த ஊரில் இல்லை? அந்தத் தாடைப்பூட்டும் இரணவைத்தியத்தின் எல்லைக்குள் வருவதே. வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிய கால், கதிரரிவாள் பட்ட விரல், முதுமையில் திரையிடும் கண்புரை, பாரம் தூக்கியவனுக்கு வரும் குடலிறக்கம், அடுப்படியிலும், பிற்காலத்தில் கோவில்பட்டித் தீப்பெட்டிப் பட்டறைகளிலும் நேர்ந்த தீக்காயம் ஆகிய அனைத்தும் உழைப்பவன் உடம்பில் உழைப்பு எழுதிச் செல்லும் நோய்கள். அரண்மனைக்கு நாடி பார்க்கும் வைத்தியம் ஒருபுறம் இருக்கட்டும். அறுவை மருத்துவம் எப்போதுமே பாடுபடுபவனுக்கு மிக நெருங்கிய மருத்துவமாகவே இருந்துவந்திருக்கிறது.

உலக வரலாறும் இதையே காட்டுகிறது. பிரான்சில் அம்புரோவாசு பாரே என்பவர், நாவிதராய்த் தொழில் தொடங்கிப் போர்க்களத்தில் காயம் கட்டிக் கற்றவர், துப்பாக்கிக் காயங்களுக்கு மருத்துவம் செய்யும் முறையை 1545-இல் நூலாக வெளியிட்டார். அக்காலத்தில் ஐரோப்பிய மருத்துவ நூல் என்றால் இலத்தீன். பாரேக்கு இலத்தீன் தெரியாது. எனவே அவர் மக்கள் பேசிய பிரெஞ்சு மொழியில் எழுதினார். கொதிக்கும் எண்ணெயைக் காயத்தில் ஊற்றும் கொடுமையை விட்டு, ஆறவைக்கும் தைலம் போதும் என்று சொன்னார். 1575-இல் அவருடைய முழுத்தொகுப்பு பிரெஞ்சில் வந்தபோது, பாரிஸ் பல்கலைக்கழகத்து மருத்துவ அறிஞர்கள் அதைத் தடுக்க முயன்றனர். அறிவு தங்கள் மொழியை விட்டு வெளியேறுவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. சப்பானில் சுகிதா கென்பாக்குவும் நண்பர்களும், டச்சு மொழியை அரைகுறையாக அறிந்த நிலையில், உடற்கூற்று நூல் ஒன்றை அல்லும் பகலும் முயன்று பெயர்த்து 1774-இல் வெளியிட்டனர். சப்பானிய மருத்துவத்தின் திசையை மாற்றிய நூல் அது. மானிப்பாயை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கத் தமிழர் கூச வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் நிகழ்ந்ததுண்டு. ஜெர்மன் மிஷனரியான சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருடைய துணைவரான கிரண்ட்லர் 1711-இல் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே அது அச்சேறாமல் கையெழுத்துப்படியாகவே வைக்கப்பட்டது. தமிழ் வைத்தியம் ஐரோப்பாவுக்குச் சென்று அலமாரியில் உறங்கியது. ஐரோப்பிய வைத்தியம் தமிழுக்கு வந்து ஒரு தலைமுறைக் காலமேனும் பேசியது!

அப்படியானால் தமிழருக்கு முன்பு அறுவை தெரியாதா என்ற கேள்வி இந்த மன்றத்தில் எழாமல் இராது. தெரியும். சித்த மருத்துவம் புறமருந்து என்று வகுத்த முப்பத்திரண்டில் அறுவையும், காரநூலும், சுட்டிகையும், அட்டை விடுதலும், முறிவு கட்டலும் உண்டு. காரநூல் என்பது காரமேற்றிய நூலைப் பவுத்திரப் புண்ணினுள் செலுத்திச் சிறிது சிறிதாக அறுப்பது. சுட்டிகை என்பது சூடுவைத்துக் குணப்படுத்துவது. எலும்பு கட்டும் குடும்பங்கள் இன்றும் தென்மாவட்டங்களில் தொழில் செய்கின்றன. இல்லாதிருந்தது, பிணத்தை அறுத்துப் பார்த்து நரம்பு எங்கே, நாளம் எங்கே என்று படமாக வரைந்து, வகுப்பறையில் பலருக்கும் ஒரே வகையாகக் கற்பிக்கும் ஏற்பாடு. தந்தை மகனுக்கு மட்டும் சொல்லிவைத்த கைம்முறை, அந்த மகன் இல்லாமற்போனால் மறைந்துபோயிற்று. இரணவைத்தியம் செய்த முதற்காரியம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அந்த அறிவைச் சந்திக்குக் கொண்டுவந்ததே.

நூலைப் போற்றும் ஆர்வத்தில் அதன் எல்லையை மறந்துவிடலாகாது. அது வெளிவந்த அதே 1867-ஆம் ஆண்டில்தான், கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், காயம் சீழ்பிடிப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்ற லூயி பாஸ்டரின் கருத்தைப் பின்பற்றி, கார்பாலிக் அமிலத்தால் காயத்தைக் காக்கும் முறையை லான்செட் இதழில் எழுதினார். ஆகவே இரணவைத்தியம் பழைய யுகத்தின் கடைசி வாசலில் நிற்கும் நூல். மயக்க மருந்து வந்துவிட்டது. ஈதர் 1846-இலும் குளோரோபார்ம் 1847-இலும் அறுவைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டன. வலியின்றி அறுக்கலாம் என்ற நிலை வந்தும், அறுத்தபின் சீழ்பிடித்து இறப்பதைத் தடுக்கும் வழி இன்னும் பாடநூல்களுக்குள் வரவில்லை. இன்று அதை வைத்துக்கொண்டு எவரும் வைத்தியம் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். லிஸ்டருக்கு முந்திய நூல் என்ற குறை இலண்டன் மாணவன் கையிலிருந்த நூலுக்கும் உண்டு. அந்த ஆண்டில் இலண்டனில் படித்தவனுக்கு எவ்வளவு தெரியுமோ, அதே அளவை மானிப்பாயில் தமிழ் மட்டுமே அறிந்த மாணவனும் கற்க முடிந்தது. தமிழ் அறிவியல் வரலாற்றில் அத்தகைய சமநிலை எத்தனை முறை வாய்த்திருக்கிறது?

கிறீன் பயிற்றுவித்த மருத்துவர் 62 பேர். அவர்களுள் பிற்பாதியினர் தமிழில் படித்தவர்கள். அவர் 1873-இல் விடைபெற்றபின்னும் ஊஸ்டரில் இருந்தபடியே நூல்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். மானிப்பாயிலோ, பள்ளியைத் தாங்கிய கை இல்லாமற் போயிற்று. அரசு உத்தியோகத்தின் மொழி ஆங்கிலம். கொழும்புப் பள்ளியின் மொழியும் ஆங்கிலம். தமிழ் வகுப்பு நின்றது. வகுப்பு நின்றதும் நூலுக்கு மாணவன் இல்லை. மாணவன் இல்லாத பாடநூலுக்கு மறுபதிப்பு இல்லை. மறுபதிப்பு இல்லாததால் புதிய அறிவு அதனுள் ஏறவில்லை. புதிய அறிவு ஏறாததால் பழைய நூல் என்று ஒதுக்கப்பட்டது. ட்ரூயிட்டின் ஆங்கில நூலும் பழையதாயிற்று. ஆனால் அதன் இடத்தை வேறு ஆங்கில நூல் பிடித்தது. இரணவைத்தியத்தின் இடத்தைப் பிடிக்க வேறு தமிழ் நூல் வரவில்லை. அதனாலேயே அது அரிய நூலாயிற்று. செல்லரித்தது பிறகு, கைவிடப்பட்டது முதலில்.

செல்லோடு தீயும் சேர்ந்துகொண்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஈழத்தில் அச்சான பழந்தமிழ் நூல்களுக்கு அது எத்தகைய இழப்பு என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் அறக்கட்டளை ஈழத்து வெளியீடுகளை மின்வடிவாக்கி வருகிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களைக் காத்துவருகிறது.

மத்தியப் பிரதேச அரசு 2022-இல் மருத்துவப் பட்டப்படிப்புக்கு இந்திப் பாடநூல்களை வெளியிட்டபோது, இந்திய மொழியில் நவீன மருத்துவம் படிக்க முடியுமா என்று நாடெங்கும் விவாதம் எழுந்தது. அவ்விவாதத்தில் கலந்துகொண்ட தமிழர் எத்தனை பேருக்கு மானிப்பாய் நினைவுக்கு வந்திருக்கும்? முடியுமா என்ற கேள்விக்கு 1867-ஆம் ஆண்டே விடை அச்சில் இருக்கிறது. தொடர்ந்து நடத்த மனமும் பொருளும் வேலைவாய்ப்பும் உண்டா என்பதே அன்றும் தீராத கேள்வி, இன்றும் தீராத கேள்வி. தமிழில் படித்தவனுக்கு வேலை உறுதி என்று அரசு சொல்லாத வரை, எவ்வளவு நல்ல நூலும் அலமாரிக்கே போய்ச் சேரும்.

ஆகவே இந்த அவையினருக்கு ஒரு வேண்டுகோள். தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே தோணி ஓடிய காலம் ஒன்று உண்டு. கொழும்புக்குக் கடை வைக்கவும் தோட்ட வேலைக்கும் போய்த் திரும்பிய குடும்பங்கள் இப்பகுதியில் பல. அந்த வீடுகளின் பரணிலும் தகரப் பெட்டியிலும், பழைய வைத்தியர் வீட்டு அலமாரியிலும், மிஷன் பள்ளிகளின் மூலை அறைகளிலும் அட்டை கிழிந்த வைத்திய நூல் ஏதேனும் இருந்தால், பழைய பேப்பர் கடைக்கு எடைபோடுமுன் தலைப்புப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மானிப்பாய் என்றோ நாகர்கோவில் என்றோ அச்சிட்ட இடமும், 1850-க்கும் 1890-க்கும் இடைப்பட்ட ஓர் ஆண்டும் அதில் காணப்பட்டால், அதை ஒரு நூலகத்தில் ஒப்படையுங்கள்.